குழந்தை நலத் திட்டங்களில் பாதுகாப்புச் சம்பவங்களை ஆராயும் அரசுப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், குழந்தை நலத் திட்டங்களுக்குள் நேரும் காயம், துன்புறுத்தல், காணாமற்போதல், மரணம் ஆகியவை பற்றி வரும் அறிக்கைகளைப் படித்து ஆராய்வது என் பணி. பட்டப்படிப்பை முடித்த நம் பிள்ளைகளும், கோவில் நிர்வாகங்களில் இருப்பவர்களும், அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்து டர்பனில் குடியேறியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, இது என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் நான் எப்படி விளக்குவது?

அரசின் பொறுப்பில், அல்லது அரசு பதிவுசெய்த அமைப்புகளின் பொறுப்பில் இருக்கும் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால், அது எப்படி நேர முடிந்தது என்று கண்டுபிடித்து, அடுத்த பிள்ளைக்கு அதே தீங்கு நேராமல் இருக்க என்ன மாற வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர் என்று சொல்லுங்கள். வேலையின் பெரும்பகுதி வாசிப்பு. சம்பவ அறிக்கைகள், பணிநேரப் பட்டியல்கள், மருந்துப் பதிவேடுகள், இரவுக் காவலரின் குறிப்பேடு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். மீதி நேரம் இல்லங்களுக்கு நேரில் செல்வதிலும், அங்கு வேலை செய்பவர்களுடனும் வாழும் பிள்ளைகளுடனும் பேசுவதிலும், கண்டதைத் தெளிவாக எழுதுவதிலும் கழியும்.

அப்படியானால் சமூகப் பணியாளர் செய்வதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. சமூகப் பணியாளர் ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குப் பொறுப்பேற்று, அந்தப் பிள்ளையின் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றம் வரை கொண்டுசெல்பவர். நாங்கள் பல பிள்ளைகளுக்கு நேர்ந்தவற்றைச் சேர்த்துப் பார்த்து, அவற்றில் திரும்பத் திரும்ப வருவது எது என்று தேடுபவர்கள். எங்கள் பிரிவில் முன்னாள் சமூகப் பணியாளர்களும் இருக்கிறார்கள், புள்ளியியல் படித்தவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் ஒரே மேசையில் உட்காரும்போதுதான் ஆய்வு நன்றாக அமைகிறது.

எந்தெந்த இடங்களில் நடப்பவை உங்களிடம் வரும்?

குழந்தைகள் சட்டம், அதாவது 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டம், பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்படும் பிள்ளைகளுக்கு மூன்று வகைப் பராமரிப்பைக் குறிப்பிடுகிறது. வளர்ப்புக் குடும்பம், தற்காலிகப் பாதுகாப்பு, நாம் பேச்சில் குழந்தைகள் இல்லம் என்று சொல்லும் குழந்தை மற்றும் இளையோர் பராமரிப்பு மையம் என்பவை அவை. இவற்றோடு, பள்ளி முடிந்த பின் பிள்ளைகள் இருக்கும் காப்பகங்களும், உணவுக்காக வந்துபோகும் மையங்களும் அதே சட்டத்தின்கீழ் வருகின்றன.

பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளைப் பகலில் விட்டுச்செல்லும் கிரெஷ் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சிறுபருவக் கல்வி நிலையங்களின் பொறுப்பு 2022 ஏப்ரல் 1 முதல் சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறிவிட்டது. பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிடுபவர்கள் இந்தத் தேதியை மறக்கவே கூடாது. காரணத்தைக் கீழே எண்ணிக்கை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் யார், யாரிடம், எப்போது சொல்ல வேண்டும்?

மாற்றுப் பராமரிப்பில், அதாவது மேலே சொன்ன மூன்று வகைகளில் ஒன்றில், இருக்கும் பிள்ளை கடுமையாகக் காயமடைந்தாலோ துன்புறுத்தப்பட்டாலோ, இல்லத்தின் நிர்வாகம் அல்லது பிள்ளையை வைத்திருப்பவர் மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றும், துறை அதை விசாரிக்க வேண்டும் என்றும் சட்டத்தின் 178ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளை இறந்துவிட்டால், பெற்றோர் அல்லது பாதுகாவலரைக் கண்டுபிடிக்க முடியுமானால் அவர்களுக்கும், காவல்துறைக்கும், மாகாணத் துறைக்கும், அந்தப் பிள்ளையின் சமூகப் பணியாளருக்கும் சொல்ல வேண்டும். பகல்நேரக் காப்பகங்களுக்கு இதைப் போன்ற கடமையை 89ஆம் பிரிவு விதிக்கிறது.

‘உடனே’ என்பதை நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டம் வரை காத்திருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் பிள்ளைக்கு மருத்துவ உதவி, அடுத்து தொலைபேசி, அதன்பின் எழுத்து என்பதே நாங்கள் எல்லா இல்லங்களுக்கும் சொல்லும் வரிசை.

முட்டி உராய்ந்தால்கூட எழுத வேண்டுமா?

விளையாட்டில் உராய்ந்த முட்டியை இல்லத்தின் சொந்தப் பதிவேட்டில் எழுதினால் போதும். ஆனால் அந்தப் பதிவேட்டை நாங்கள் வந்து பார்ப்போம். ஒரே படிக்கட்டில் பல பிள்ளைகள் விழுந்திருந்தால் அங்கே கைப்பிடி இல்லை என்பதை அந்தச் சிறு குறிப்புகள்தான் காட்டிக்கொடுக்கும்.

தீங்கு நேராமல் தப்பியவற்றையும் எழுதச் சொல்கிறேன். ட்லாமினி என்ற குடும்பப் பெயர் கொண்ட இரு பிள்ளைகள் ஒரே இல்லத்தில் இருக்கிறார்கள், இரவு மருந்து ஒருவருக்குப் பதில் மற்றவருக்குக் கொடுக்கப்பட இருந்தது, கடைசி நொடியில் ஒரு பராமரிப்பாளர் கவனித்துத் தடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிட்டால், அவர் விடுப்பில் இருக்கும் இரவில் அதே தவறு நடக்கும். எழுதியிருந்தால் மருந்துப் பெட்டியில் பிள்ளையின் படத்தை ஒட்டுவது போன்ற எளிய மாற்றம் ஒரே வாரத்தில் வந்துவிடும்.

அறிக்கை கையில் வந்ததும் அதை வைத்து என்ன செய்கிறீர்கள்?

முதலில் அந்தப் பிள்ளை இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். அது உறுதியாகும் வரை ஆய்வு என்ற பேச்சே இல்லை. அடுத்து, நடந்தது எந்த வகை, எவ்வளவு கடுமை, எந்த நேரம், எந்த அறை, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள் என்பவற்றைப் பதிவுசெய்து, நிமிட வரிசையில் ஒரு காலக்கோடு வரைகிறோம். பிறகு அதே இல்லத்திலும் பிற இல்லங்களிலும் இதற்கு ஒத்தவை முன்பு நடந்திருக்கின்றனவா என்று தேடுகிறோம்.

விளங்குவதற்காகக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஓர் இல்லத்திலிருந்து ஆறு மாதங்களில் ஏழு முறை பிள்ளைகள் சொல்லாமல் வெளியேறியிருக்கிறார்கள். ஏழு அறிக்கைகளிலும் காரணம் ‘பிள்ளை கீழ்ப்படிய மறுத்தது’ என்றே எழுதியிருக்கிறது. தனித்தனியாகப் படித்தால் அடங்காத ஏழு பிள்ளைகள்தான் தெரிவார்கள். நாளையும் நேரத்தையும் வரிசைப்படுத்தினால் ஐந்து வெளியேற்றங்கள் ஞாயிறு மாலை ஆறு மணியை ஒட்டி வருகின்றன. ஞாயிறு பார்வையாளர் நாள். வெளியேறிய ஐந்து பிள்ளைகளைப் பார்க்கவும் அன்று யாரும் வரவில்லை. ஆறு மணி பணிமாற்ற நேரமும்கூட. பகல் பணியாளர்கள் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பி, இரவுப் பணியாளர் வந்துசேரும் வரை அரை மணி நேரம் ஒரே ஒருவர்தான் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது பரிந்துரை தானாகவே மாறிவிடுகிறது. வேலியை உயர்த்துங்கள், தண்டனையைக் கூட்டுங்கள் என்று எழுதுவதற்கு இடமில்லை. பணிமாற்றத்தில் இரு குழுவினரும் அரை மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும், பார்வையாளர் வராத பிள்ளைக்கு அன்று மாலை குடும்பத்தாரோடு தொலைபேசியில் பேச ஏற்பாடு செய்ய வேண்டும், அந்தப் பிள்ளையோடு உட்கார ஒரு பெரியவரை முன்கூட்டியே குறிக்க வேண்டும் என்று எழுதுவோம். ‘கீழ்ப்படியவில்லை’ என்ற சொல் எத்தனை உண்மைகளை மூடி வைக்கும் என்பதை இந்தப் பணிக்கு வரும் ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே உணர வேண்டும் என்று விரும்புகிறேன்.

சம்பவங்களின் எண்ணிக்கை கூடினால் நிலைமை மோசமாகிறது என்றுதானே பொருள்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பத்திரிகையாளர்களும் கேட்கிறார்கள், அரசியல்வாதிகளும் கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பது தெரிவிக்கப்பட்ட சம்பவங்களின் எண்ணிக்கை மட்டுமே. பயமின்றி எழுதலாம் என்ற நம்பிக்கை ஓர் இல்லத்தில் பிறந்தால் முதல் ஆண்டில் அறிக்கைகள் கூடத்தான் செய்யும். கடுமையான காயங்கள் குறைந்து சிறிய குறிப்புகள் கூடியிருந்தால் அதை நான் நல்ல அறிகுறியாகவே கொள்வேன். மாறாக, ஐம்பது பிள்ளைகள் வாழும் இல்லத்திலிருந்து ஆண்டு முழுவதும் ஓர் அறிக்கைகூட வரவில்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. ஐம்பது பிள்ளைகள் உள்ள எந்த இடத்திலும் ஓர் ஆண்டு அப்படிக் கழியாது. நேரில் போக வேண்டிய இல்லங்களின் பட்டியலில் அதை முதலில் வைப்பேன்.

எண்ணிக்கை குறைவதையும் அப்படியே நம்பக் கூடாது. 2020 மார்ச் 27 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது பகல்நேரக் காப்பகங்கள் மூடியே இருந்தன. அந்தக் காலத்தில் அங்கிருந்து அறிக்கைகள் வராததற்குப் பிள்ளைகள் பாதுகாப்பாக இருந்தார்கள் என்று பொருளில்லை. அங்கே பிள்ளைகளே இல்லை, அவர்கள் வீடுகளில் பட்டதைக் கண்டு சொல்ல ஆசிரியரும் இல்லை. மேலே சொன்ன 2022 ஏப்ரல் மாற்றமும் இப்படிப்பட்டதே. ஒரு துறையின் பட்டியலிலிருந்து கிரெஷ்கள் நீங்கி இன்னொரு துறையின் பட்டியலில் சேர்ந்தால் முதல் துறையின் வரைபடம் அழகாகக் கீழிறங்கும். அதைச் சாதனையாக எழுதுபவர் பொய் சொல்ல நினைக்காமலேயே பொய் சொல்லிவிடுகிறார்.

ஒரே இல்லத்தில் போன வருடம் இரண்டு, இந்த வருடம் நான்கு. இரட்டிப்பு என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. இவ்வளவு சிறிய எண்கள் தற்செயலாகவே ஏறி இறங்கும். பிள்ளைகளின் எண்ணிக்கையும் அவர்கள் அங்கே தங்கிய நாட்களும் தெரியாமல் ஒப்பீடு செய்ய முடியாது. ஒரு பிள்ளை ஒரு நாள் தங்கினால் அது ஒரு பிள்ளை-நாள்; ஆயிரம் பிள்ளை-நாட்களுக்கு எத்தனை என்று கணக்கிடுவதே முறை. இருந்தாலும் அந்த நான்கு சம்பவங்களையும் தனித்தனியாகப் படிக்க வேண்டிய கடமை எண்ணால் குறைந்துவிடாது.

கடைசியில் பாவப்பட்ட ஒரு பராமரிப்பாளரின் வேலையைப் பறிப்பதில்தானே இது முடிகிறது?

வேண்டுமென்றே பிள்ளையைத் துன்புறுத்தியவரைப் பற்றிய விசாரணை காவல்துறைக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் உரியது. அதில் எந்தச் சலுகையும் இல்லை, இருக்கவும் கூடாது. இல்லங்களில் உடல் தண்டனைக்குத் தடை இருக்கிறது; பெற்றோர் வீட்டில் ‘நியாயமான தண்டனை’ என்று சொல்லிக்கொள்ள இருந்த வாதத்தையும் அரசமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பரில் நீக்கிவிட்டது.

ஆனால் பெரும்பாலான அறிக்கைகளின் பின்னால் இருப்பது தீய எண்ணம் இல்லை. ஆள் பற்றாக்குறை, களைப்பு, பூட்டாத மருந்து அலமாரி, கைமாறாத தகவல் ஆகியவையே அங்கே இருக்கின்றன. பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் விபத்துகளை விளக்கும்போது, பல தடுப்புகளில் உள்ள ஓட்டைகள் ஒரே கோட்டில் வந்து நிற்கும் வேளையில் தீங்கு நுழைகிறது என்றார். கடைசித் தடுப்பாக நின்ற பராமரிப்பாளரை மட்டும் நீக்கினால் மற்ற ஓட்டைகள் அப்படியே இருக்கும், அடுத்து வருபவரும் அதே இடத்தில்தான் நிற்பார். தவிர, உண்மையை எழுதினால் வேலை போகும் என்று தெரிந்த இல்லத்திலிருந்து உண்மை வருவது நின்றுவிடும். அதன் விளைவை மேலே எண்ணிக்கை பற்றிய கேள்வியில் சொல்லிவிட்டேன்.

நான் உளவியலில் பி.ஏ. முடித்திருக்கிறேன். இது போதுமா?

ஒவ்வொரு பணியிடத்துக்கும் தகுதி விளம்பரத்திலேயே இருக்கும். சமூகப் பணி என்று குறிப்பிட்ட இடத்துக்குச் சமூகப் பணிப் பட்டமும், தென்னாப்பிரிக்கச் சமூக சேவைத் தொழில்களுக்கான மன்றத்தில் பதிவும் கட்டாயம். ஆய்வு, கண்காணிப்பு, மதிப்பீடு என்று வரும் இடங்களுக்கு உளவியல், புள்ளியியல், பொது நிர்வாகம் போன்ற பட்டங்களோடும் விண்ணப்பிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தையும் பெரும்பாலும் கேட்பார்கள். கிராமப்புற இல்லங்களுக்குப் பேருந்தில் போய்வர முடியாது. என் கருத்தைக் கேட்டால், ஒரு குழந்தைகள் இல்லத்தில் சில மாதங்களாவது தன்னார்வலராக இரவுப் பணி செய்துவிட்டு வாருங்கள். அறிக்கையில் எழுதாமல் விட்டது எது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

விண்ணப்பம் எப்படிப் போடுவது? நான் இந்தியக் குடிமகன், வேலை விசாவில் இருக்கிறேன்.

காலியிடங்கள் பொதுச் சேவை மற்றும் நிர்வாகத் துறையின் சுற்றறிக்கையிலும் மாகாணங்களின் விளம்பரங்களிலும் வருகின்றன. ஸெட்83 என்ற படிவத்தை முழுமையாக நிரப்பிக் கையொப்பமிட்டு, தன்விவரக் குறிப்போடு அனுப்ப வேண்டும். நல்ல தகுதியுள்ள எத்தனையோ விண்ணப்பங்கள் கையொப்பம் இல்லாத காரணத்தால் தள்ளப்படுகின்றன.

நிரந்தர நியமனத்துக்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் பொதுச் சேவைச் சட்டம் சொல்கிறது. ஆகவே விசாவில் இருப்பவர்கள் அரசு சாரா அமைப்புகளில் தொடங்குவதே நடைமுறை வழி. வெளிநாட்டுப் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தில் மதிப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயரை ஏதோ பதிவேட்டில் தேடுவார்களாமே, எதற்கு?

பிள்ளைகளுடன் வேலை செய்யும் எல்லோருக்கும் இது உண்டு. தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஏ பகுதி துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. பி பகுதி பிள்ளைகளுடன் வேலை செய்யத் தகுதியற்றவர் என்று தீர்மானிக்கப்பட்டவர்களைப் பற்றியது. தேடுவது பி பகுதியில். இதைத் தவிர, நீதி அமைச்சகம் வைத்திருக்கும் பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு என்பது வேறு; ஒன்றில் பெயர் இல்லை என்பதால் மற்றொன்றைப் பார்க்காமல் விட முடியாது. கோவில் வகுப்புகளுக்கு ஆசிரியர்களை அமர்த்துபவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

இந்த வேலையில் தமிழுக்கு இடம் உண்டா?

அலுவலகம் ஆங்கிலத்தில் நடக்கிறது. இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் மிகப் பலர் சுலு பேசுபவர்கள். ஆகவே சுலு கற்றுக்கொள்வது மிகவும் பயன்படும். பிள்ளை தன் மொழியில் சொல்வதை இன்னொருவர் சுருக்கி மொழிபெயர்த்துச் சொன்னால் முக்கியமான சொல் விழுந்துவிடும். தமிழ் உதவும் இடம் அரிது. ஆனால் டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பேரப்பிள்ளையை வளர்க்கும் ஓர் ஆயாவிடம், நம் பேச்சில் இரண்டு வார்த்தை பேசியதும் அவர் மனம் திறந்ததைக் கண்டிருக்கிறேன்.

எங்கள் கோவில் ஓர் இல்லம் நடத்துகிறது. வெளியே சொன்னால் கோவிலுக்குத்தானே கெட்ட பெயர்? உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா?

கூடாது. 1860இல் கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் கோவிலையும் பள்ளியையும் தங்கள் உழைப்பால் எழுப்பினார்கள். அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். அதைக் காப்பதற்காக ஒரு பிள்ளையின் வாயை அடைக்கச் சொன்னால் சம்மதிக்க மாட்டேன். குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு புகாரளிக்கக் கடமைப்பட்டவர்களின் பட்டியலைத் தருகிறது. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோரோடு சமயத் தலைவரும், இல்லத்தின் பணியாளரும், தன்னார்வலரும் அதில் இருக்கிறார்கள். ஆகவே குருக்களும், ஞாயிறுதோறும் சமைக்க வரும் அம்மையாரும் அதற்குள் அடங்குவர். உடல் காயம் உண்டாகும் வகையில் பிள்ளை துன்புறுத்தப்பட்டதாகவோ, பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகவோ, வேண்டுமென்றே புறக்கணிக்கப்பட்டதாகவோ நியாயமான காரணங்களால் அவர்கள் முடிவுக்கு வந்தால், படிவம் 22 வழியாக மாகாணத் துறையிடமோ, நியமிக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ, காவல்துறையிடமோ தெரிவிக்க வேண்டும்.

நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. கடமைப்பட்டவர் சொல்லாமல் விடுவதோ குற்றம். பாலியல் குற்றமானால் இன்னும் கடுமை: 2007ஆம் ஆண்டின் 32ஆம் எண் சட்டப்படி, பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் உடனே காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். நிர்வாகத் தலைவரின் அனுமதி எதற்கும் தேவையில்லை. யாரிடம் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 116 என்ற இலவச எண்ணில் குழந்தைகளுக்கான உதவிச் சேவையான சைல்ட்லைனை அழைக்கலாம்.

தெரிந்தவர்கள் நடத்தும் இல்லத்திலிருந்து அறிக்கை வந்தால் என்ன செய்வீர்கள்?

மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டு அந்தக் கோப்பிலிருந்து விலகுவேன். டர்பன் தமிழர்களுக்குள் திருமண உறவு, கோவில் உறவு, பள்ளி உறவு என்று எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களே. ஆகவே நம்மவர்களுக்கு இந்த நிலை மற்றவர்களைவிட அதிகமாக வரும். வீட்டில் எந்தக் கோப்பைப் பற்றியும் பேசக் கூடாது. பெயரைச் சொல்லாமல் ஊரையும் வயதையும் சொன்னாலும் நம் வட்டத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளைகளின் தனிப்பட்ட விவரங்களுக்குத் தகவல் பாதுகாப்புச் சட்டமும், குழந்தைகள் நீதிமன்ற நடவடிக்கைகளுக்குக் குழந்தைகள் சட்டமும் தனித்தனியே பாதுகாப்பு அளிக்கின்றன.

மரணமென்றால் வழக்கு காவல்துறைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் எதற்கு?

காவல்துறை குற்றம் நடந்ததா என்று கேட்கிறது. தடுத்திருக்க முடியுமா என்ற கேள்வி அதைவிட அகலமானது. 2014இல் கேப் டவுனின் சால்ட் ரிவர் பிணவறையிலும் நம் ஃபீனிக்ஸ் பிணவறையிலும் குழந்தை மரண மறுஆய்வு முன்னோடித் திட்டம் தொடங்கியது. தடயவியல் மருத்துவர், காவலர், அரசு வழக்கறிஞர், குழந்தை மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொரு மரணத்தையும் பேசும் முறை அது. ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லை என்பது அந்த மேசையில்தான் வெளிப்படுகிறது. அதே 2014இல் லிம்போப்போ மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளியின் குழிக் கழிப்பறைக்குள் விழுந்து இறந்தான். அந்தக் கழிப்பறைகள் ஆபத்தானவை என்பது முன்பே தெரிந்த செய்தி. தெரிந்தும் செயலாகாத செய்தியைச் செயலாக்குவதற்குத்தான் எங்கள் பணி.

இதையெல்லாம் நாள்தோறும் படித்தால் மனம் தாங்குமா?

தாங்காத நாட்கள் உண்டு. கடுமையான கோப்புகளை ஒருவரே தொடர்ந்து படிக்காதபடி பங்கிட்டுக்கொள்கிறோம். படங்களைத் தேவையின்றித் திறப்பதில்லை. அரசு ஊழியர்களுக்கான நலச் சேவையில் ஆலோசகரைப் பார்க்கலாம். சிறு பிள்ளைகள் உள்ள பெற்றோர் சேரும் முன் இதை நன்றாக யோசிக்க வேண்டும். எதுவும் பாதிக்காத நிலைக்கு வந்துவிட்டதாக ஒருவர் சொன்னால், அவருக்கு ஓய்வு தேவை என்றே நான் கருதுவேன்.

உங்கள் பரிந்துரையை யாரும் செய்யாவிட்டால்?

ஆய்வாளருக்கு இல்லத்தை மூடும் அதிகாரம் இல்லை. மாகாணத் துறைத் தலைவர் அமலாக்க அறிவிப்பு அனுப்பலாம், பதிவை நீக்கலாம். ஆகவே பரிந்துரையை எழுதும்போதே யார், எந்தத் தேதிக்குள், எந்தப் பணத்தில் செய்வார் என்று சேர்த்து எழுத வேண்டும். ‘விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்’ என்ற வரியை என் பிரிவில் நான் ஏற்பதில்லை. அதைச் செய்தார்களா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. தேதி கடந்தும் நடக்காதவை காலாண்டு அறிக்கையில் இல்லத்தின் பெயரோடு துறைத் தலைவருக்குப் போகும்.

பிள்ளைகள் பொய்யும் சொல்வார்களே. அவர்கள் சொல்வதை எப்படி நம்புவது?

பெரியவர்களின் கூற்றை எப்படிச் சோதிக்கிறோமோ அதே போலச் சோதிக்கிறோம். பணிப்பட்டியல், மருத்துவக் குறிப்பு, அறையின் அமைப்பு, மற்றவர் சொன்னது ஆகியவற்றோடு ஒப்பிடுகிறோம். பிள்ளை என்பதற்காகவே நாங்கள் கூடுதல் சந்தேகம் கொள்வதில்லை. தன்னைப் பற்றிய விஷயத்தில் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பங்கேற்கவும், தன் கருத்து உரிய கவனம் பெறவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று குழந்தைகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது.

முதல் வாக்குமூலத்தைப் பயிற்சி பெற்றவர் ஒருமுறை மட்டும் கேட்பது நல்லது. இல்லத்தலைவர், நிர்வாகி, சமூகப் பணியாளர், காவலர் என்று ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளை குழம்பி, சொன்னதை மாற்றும், அல்லது ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று முடித்துவிடும். பின்வாங்கிய வாக்குமூலத்தைப் பார்த்ததும் பொய் என்று கோப்பை மூடாமல், இடையில் அந்தப் பிள்ளையிடம் யார் யார் பேசினார்கள், பிள்ளை குற்றம் சாட்டியவர் இன்னும் அதே கூரையின்கீழ் வேலை செய்கிறாரா என்ற இரண்டையும் முதலில் விசாரிக்கிறோம்.